இதயம் நின்று மீண்டவர்களுக்கும் நெஞ்சை அமுக்கியவர்களுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம், ஆலய மண்டபம், கடற்கரை ஊர் என்று எங்கே சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கும் உயிர்காப்பு முறை) வகுப்பு நடந்தாலும், முக்கியமான கேள்விகள் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் வரும். ஒருவர் தயங்கித் தயங்கி ஓரமாக வந்து நிற்பார். "எங்க அத்தான் பிழைச்சு வந்துட்டாரு, ஆனா ஆளே மாறிட்டாரு" என்பார். இன்னொருவர், "நான்தான் அமுக்கினேன், ஆள் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அப்படி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாற்றாக இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் அட்டாக்கும் இதயம் நின்றுபோவதும் ஒன்றுதானே?

இல்லை. ஹார்ட் அட்டாக்கில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். வலிக்கிறது என்பார், வியர்த்துக் கொட்டும். கார்டியாக் அரெஸ்ட் என்கிற இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும், இயல்பான மூச்சும் இருக்காது. ஹார்ட் அட்டாக் இதற்கு ஒரு பெரிய காரணம். இதயத் தசை நோய், பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறு, நீரில் மூழ்குதல், மின்சாரம் தாக்குதல் ஆகியவையும் காரணமாகலாம்.

மீட்சியைப் பற்றிப் பேச இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இதயம் நின்ற நேரத்தில் மூளைக்கும் ரத்தம் போகவில்லை. நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அதனால் "ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலை) வெச்சாச்சு, எல்லாம் சரி" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் சரியாக வேண்டியது இன்னும் நிறைய இருக்கும். அமெரிக்க இதய சங்கம் உயிர்காக்கும் சங்கிலி என்று ஒன்று வைத்திருக்கிறது. உதவிக்கு அழைப்பது, நெஞ்சை அமுக்குவது என்று போகும் அந்தச் சங்கிலியில் மீட்சி என்பதை ஆறாவது கண்ணியாக 2020-இல்தான் சேர்த்தார்கள். உலகமே தாமதமாகக் கவனித்த விஷயம் இது. டிஸ்சார்ஜ் நேரத்தில் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை.

ஐசியுவில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே?

சொல்லாமல் இருப்பதுதான் சரி. மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் வைத்து, காய்ச்சல் வராமல் உடல் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். மூளை எந்த அளவு மீளும் என்று கணிக்கக் குறைந்தது 72 மணி நேரமாவது போக வேண்டும். அதுவும் ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூளை அலைப் பதிவு, ஸ்கேன் என்று பலவற்றைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். "மயக்க மருந்தை எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். சிறுநீரகமோ கல்லீரலோ சோர்ந்திருந்தால் மருந்து உடம்பை விட்டு இறங்க நாள் பிடிக்கும்.

வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசி மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது. ஆளுக்கொரு விதமாகக் கேட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, கடைசியில் வராந்தாவில் சண்டை நடப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

கண் விழித்தவர், "நர்ஸ் என்னைக் கொல்லப் பார்த்தா" என்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?

இல்லை. ஐசியு குழப்பநிலை என்று இதைச் சொல்வார்கள். மருந்து, தூக்கமின்மை, எந்நேரமும் எரியும் விளக்கு, தொண்டையில் குழாய் எல்லாம் சேர்ந்து மூளை ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. வாதாட வேண்டாம். "இது ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் உங்க மகள்" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியைக் கொடுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். ஆனால் அந்தப் பயங்கரக் கனவுகள் வீட்டுக்கு வந்த பிறகும் நினைவில் நிற்கலாம். அவர் சொல்ல விரும்பினால் சிரிக்காமல் கேளுங்கள்.

விழுந்த நாளும் அதற்கு முந்தைய சில நாட்களும் சுத்தமாக நினைவில் இல்லை. திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. அந்த நேரத்தில் மூளை எதையும் பதிந்து வைக்கவில்லை. இல்லாததைத் தோண்டுவதில் பயனில்லை. ஆனால் நடந்ததைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. வீட்டார் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் உதவும்: எங்கே விழுந்தார், யார் அமுக்கினார், எந்த ஆம்புலன்ஸ், எந்த நாள் குழாயை எடுத்தார்கள் என்று. கேட்கும்போது மட்டும் காட்டுங்கள்.

நெஞ்செலும்பு இன்னும் வலிக்கிறது. வர்ம ஆசானிடம் போய்த் தடவலாமா?

சரியாகச் செய்த சிபிஆரில் நெஞ்சு ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே போகும். அப்படி அமுக்கினால் விலா எலும்போ நடு நெஞ்செலும்போ விரிசல் விடுவது சாதாரணம். விலா எலும்பு சேர ஆறு வாரம் வரை ஆகலாம், நடு எலும்புக்கு மூன்று மாதம் வரை பிடிக்கலாம். அதுவரை இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் சளி கட்டி நிமோனியா வரலாம். மணிக்கு ஒருமுறை ஆழமாக மூச்சிழுங்கள். துணியால் இறுகக் கட்ட வேண்டாம்.

வர்ம வைத்தியம் நம் மாவட்டத்தின் சொத்து, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சேராத எலும்பின் மேல் எண்ணெய் போட்டு அமுக்குவது ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். தடவினால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். கஷாயம், லேகியம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம்.

முற்றத்துக்கு நடந்து வந்தாலே களைப்பு. இது எத்தனை நாள்?

மாதக்கணக்கில் இருக்கலாம். பிழைத்தவர்கள் அதிகமாகச் சொல்லும் குறையே களைப்புதான். படுத்துக் கிடந்த நாட்களில் தசை வற்றியிருக்கும். மூளையும் முன்பு தானாகச் செய்த வேலையை இப்போது சிரமப்பட்டுச் செய்கிறது. இதய மருந்துகள் சிலவும் சோர்வைத் தரும். அதற்காக மருந்தை நீங்களே நிறுத்தக் கூடாது, அளவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

குளிப்பதையும் வெளியே போவதையும் ஒரே காலையில் வைக்காதீர்கள். மதியம் சிறிது நேரம் படுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதிகாலையோ சாயங்காலமோ நல்லது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கால் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை வெறும் களைப்பு அல்ல. உடனே டாக்டரைப் பாருங்கள்.

சீட்டுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தவர், இப்போது மாத்திரை போட்டாரா என்றுகூட நினைவில்லை. இதற்கு என்ன செய்வது?

பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நினைவாற்றலிலோ கவனத்திலோ திட்டமிடுவதிலோ ஏதாவது குறை இருக்கும். பலருக்கு அது லேசானதுதான். பேச்சும் நடையும் நன்றாக இருப்பதால் வெளியில் தெரியாது. பத்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாமல் போகலாம். வீட்டாருக்குத்தான் தெரியும். ரப்பர் பால் வெட்டும் ஒருவர் எந்த வரிசை மரத்தை வெட்டினோம் என்று தெரியாமல் தோட்டத்துக்குள் நிற்பார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டு, யாரோ வேண்டுமென்றே போட்டதாக நினைத்துக் கோபப்படுவார் ஒருவர். டிவி ஓடும்போது பேசினால் சிலருக்கு ஒன்றுமே ஏறாது.

முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் அதிகமாக இருக்கும். ஒரு வருடம் வரையும், சிலருக்கு அதற்குப் பிறகும் தொடரும். மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை நினைவாற்றல் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். சில கேள்விகளும் ஒரு படமும் கொண்ட சின்னப் பரிசோதனைதான். சில நிமிடத்தில் முடியும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்குங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே அன்றைய வேலையை எழுதி, முடிந்ததும் அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். சாவி, பர்ஸ், போன் மூன்றுக்கும் ஒரே இடம் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். நிலப் பத்திரம், கடன், ஜாமீன் கையெழுத்து எதிலும் முதல் சில மாதம் அவரை இழுக்காமல் இருப்பது நல்லது. "இதுகூட ஞாபகம் இல்லையா?" என்ற கேள்வியை வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். தனக்கு மறக்கிறது என்று அவருக்கே தெரியும்.

சாந்தமாக இருந்தவர் எரிந்து விழுகிறார், காரணமில்லாமல் அழுகிறார். "என்னை ஏன் பிழைக்க வெச்சீங்க" என்று கேட்கிறார்.

மூளைக்குப் பட்ட அடியும் மனதுக்குப் பட்ட அடியும் இங்கே பின்னிக் கிடக்கும். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பதற்றம், மனச்சோர்வு, திரும்பத் திரும்ப வரும் பயம் எல்லாம் பிழைத்தவர்களில் கணிசமானோருக்கு வருகிறது. தூங்கினால் திரும்ப நின்றுவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். வாயுத் தொல்லைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். வேறு சிலர் நேர் எதிராக, ஆஸ்பத்திரி இருக்கும் சாலையையே தவிர்ப்பார்கள்.

இது கோழைத்தனம் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சை பலன் தரும், இதயத்துக்குப் பாதுகாப்பான மனநல மருந்துகளும் இருக்கின்றன. "ஏன் பிழைக்க வெச்சீங்க" என்ற வார்த்தையை மட்டும் கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிடாதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை.

புரிகிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக ஒரு கூட்டம் திண்ணையில் உட்கார்ந்து, "என்ன மக்கா, மேல போயிட்டு வந்தியாமே, என்னத்த பாத்த?" என்று கேட்கும். அன்புதான். ஆனால் நான்காவது கூட்டத்துக்கும் அதே கதையைச் சொல்லும்போது அவர் களைத்துவிடுவார், பயமும் கிளறப்படும். முதல் மாதம் வீட்டில் கொஞ்சம் கறாரான ஒருவரை, ஒரு மைனியையோ சித்தியையோ, வாசலில் வையுங்கள். "டாக்டர் பத்து நிமிஷம்தான் சொல்லியிருக்காரு" என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளிச்சம் பார்த்தேன், இறந்துபோன பாட்டா கூப்பிட்டார் என்கிறார். உண்மையா?

இதயம் நின்று மீண்டவர்களில் பத்தில் ஒருவர் இருவர் இப்படி எதையாவது சொல்கிறார்கள்; உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதற்கான விளக்கம் இன்னும் முடிவாகவில்லை. அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளட்டும். ஊர் கூட்டிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். ஒன்றுமே பார்க்காதவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, நான் பாவியா?" என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு.

நெஞ்சுக்குள் ஐசிடி கருவி வைத்திருக்கிறார்கள். எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

இதயத் துடிப்பு ஆபத்தான விதத்தில் தாறுமாறானால் தானாகவே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. பயப்பட வேண்டியது குறைவுதான். வைத்த பக்கத்துக் கையை நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப் போகும். முழங்கை, மணிக்கட்டு அசைவு இருக்கட்டும். செல்போனை அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்காமல் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், மறுபக்கக் காதில் பேசுங்கள். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் போதும். விமான நிலைய மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாக நிற்காமல் நடக்கலாம். கருவி அட்டையை எப்போதும் பர்ஸில் வையுங்கள். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் தனியாகக் கேட்க வேண்டும். படகு எஞ்சின் ஓடும்போது நெஞ்சு படக் குனியாதீர்கள்.

கருவி ஒரு தடவை ஷாக் கொடுத்து, பிறகு நன்றாக இருந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை கொடுத்தாலோ, ஒரு தடவை கொடுத்தும் மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ 108 அழையுங்கள். தொட்டுக்கொண்டிருப்பவருக்கு லேசாகச் சுரீர் என்றிருக்கலாம், ஆபத்தில்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது வேலைக்குப் போகலாம்? வண்டி ஓட்டலாமா?

அது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன், மூளையின் தெளிவு, வேலையின் தன்மை மூன்றையும் பொறுத்தது. கடை, அலுவலக வேலை என்றால் சில மாதத்தில் அரை நாளாகத் தொடங்கலாம். பால் வெட்டுகிறவர்களுக்குச் சிக்கல் என்னவென்றால், இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் தனியாக வேலை செய்கிறார்கள். விழுந்தால் பார்க்க ஆளில்லை. முதலில் துணையோடு, குறைந்த மரங்களோடு தொடங்குங்கள். பால் வாளியை வேறு ஆள் தூக்கட்டும்.

கடலோரத்தில் பதில் இன்னும் கடினம். காலையில் போய் மதியம் கரை திரும்பும் வள்ளத்தில் ஏறுவதற்கும், தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவதற்கும் நிறைய வித்தியாசம். நடுக்கடலில் 108 வராது. ஐசிடி வைத்தவரும், இதயத்தின் தள்ளும் திறன் குறைந்தவரும் ஆழ்கடல் தொழிலை விடுவதே நல்லது என்பது என் கருத்து. வலை சீர்செய்வது, ஏலக்கூடத்து வேலை, எஞ்சின் பழுது என்று கரையில் மாற்று வேலை தேடுவது தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் வருமானம் குறையும் என்பதும் நிஜம். அதை வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எரியலாம். முழுக்கை சட்டை போடுங்கள், தைராய்டையும் கல்லீரலையும் சொன்ன காலத்தில் பரிசோதியுங்கள்.

வண்டி ஓட்டுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். பேருந்து, லாரி ஓட்டுநர் ஐசிடி வைத்தபின் அந்தத் தொழிலுக்குத் திரும்பக் கூடாது என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன.

மீனும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடலாமா?

சாளை, அயலை போன்ற பச்சை மீன் நல்லது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள், தேங்காயைக் குறைத்து. கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள்தான் உப்பு. மரச்சீனி மாவுச்சத்து, சர்க்கரை உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை முழுவதும் நிற்க வேண்டும்.

கணவன் மனைவி உறவு?

யாரும் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால் நாமே எழுதிவிடுகிறோம். இரண்டு மாடிப் படி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் விறைப்புக்காகச் சாப்பிடும் சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

வருடா வருடம் சிவாலய ஓட்டம் போகிறவர். இந்தச் சிவராத்திரிக்குப் போகலாமா?

முதல் வருடம் வேண்டாம். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவில்; தூக்கமில்லாத இரவு, விரதம், தார்ச்சாலையில் ஓட்டம், நேரம் தவறிய மாத்திரை என்று எல்லாம் சேரும். அடுத்த வருடம் ட்ரெட்மில் பரிசோதனை செய்துவிட்டுக் கேளுங்கள். இப்போது எத்தனையோ பேர் வேனிலும் பைக்கிலும் பன்னிரண்டையும் தரிசிக்கிறார்கள். வேனில் உட்கார்ந்து "கோவிந்தா கோபாலா" சொன்னால் கணக்கில் சேராதா என்ன?

எங்கள் பிள்ளைகளுக்கும் வருமா?

ரத்தக்குழாய் அடைப்பால் வந்தது என்றால் பிள்ளைகள் பிரஷர், சர்க்கரை, கொழுப்பைக் கவனித்தால் போதும். ஐம்பதுக்குள் இருக்கும் ஒருவருக்கு அடைப்பே இல்லாமல் இதயம் நின்றிருந்தால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரும் ஈசிஜி, எக்கோ எடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் அவர் மனைவி. அவர் நன்றாகத் தூங்குகிறார், எனக்குத்தான் தூக்கமில்லை.

வீட்டில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மனைவியோ மகனோதான் நெஞ்சை அமுக்குகிறார்கள். விழுந்தவருக்கு எதுவும் நினைவில்லை, உங்களுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது. நடுராத்திரி எழுந்து மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, குளியலறையில் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவது என்று எல்லாம் இந்த நிலையில் உள்ளவர்கள் செய்வதுதான். எல்லோரும் அவரை விசாரிப்பார்கள். உங்களை யாரும் விசாரிக்க மாட்டார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் அவர் பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள்.

பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் உண்மையைச் சின்ன வார்த்தையில் சொல்லுங்கள்: அப்பாவின் இதயம் நின்றது, அம்மா அமுக்கினாள், டாக்டர் சரி செய்தார். "அப்பா தூங்கிட்டாரு" என்று சொன்னால் பிள்ளை தூங்கவே பயப்படும். நீ சேட்டை செய்ததால்தான் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

நான் அமுக்கும்போது எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் இறந்துவிட்டார். என்னால்தானா?

இல்லை. நீங்கள் கை வைக்கும்போதே அவர் இதயம் நின்றிருந்தது. அதற்கு மேல் கெடுதல் செய்ய உங்களால் முடியாது. எலும்பு முறிந்தது நீங்கள் தேவையான ஆழத்துக்கு அமுக்கியதால். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புகிறவர்கள், நல்ல வசதியுள்ள நாடுகளிலும் பத்தில் ஒருவர் அளவுதான். கூட்டத்தில் யாராவது "அமுக்கியே கொன்னுட்டான்" என்று சொல்லியிருப்பார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் என்பதை நினைவில் வையுங்கள்.

வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவி கொடுத்தோம். அதில் நேரம் போய்விட்டது.

இந்தக் குற்றவுணர்வு நிறையப் பேரிடம் இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கலாம், வலிப்பு போலவே தெரியும். அப்புறம் சில நிமிடம் மீன் வாய் திறப்பது போல விட்டுவிட்டு மூச்சு இழுக்கலாம். அது மூச்சில்லை; ஆனால் பார்ப்பவருக்கு உயிர் இருக்கிறது என்றே தோன்றும். பயிற்சி பெற்றவர்களே ஏமாறுகிறார்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் செய்தீர்கள். இப்போது தெரிந்ததை வைத்து அந்த நாளை விசாரிக்காதீர்கள்.

நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் ஊதவில்லையே என்று வருந்துகிறவர்களும் கடற்கரை ஊர்களில் உண்டு. மூழ்கியவருக்கு ஊதுவது முக்கியம்தான். ஆனால் தெரியாதபோது நெஞ்சை மட்டும் அமுக்கியது, ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட எவ்வளவோ மேல்.

கண்ணை மூடினால் அந்த முகம்தான். இது எத்தனை நாள் இருக்கும்?

முதல் சில வாரம் படம் போலத் திரும்பத் திரும்ப வருவது, பசியின்மை, திடுக்கிடல், கை வலி எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பெரும்பாலோருக்கு ஒரு மாதத்தில் மங்கும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். ஆனால் அன்றைக்கே உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது; அதனால் நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். ஒரு மாதம் தாண்டியும் அந்தத் தெரு வழியாகப் போக முடியவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மனநல உதவி தேவை. காயம் பட்டவர் போலவே நீங்களும்.

நகரத்தில் காப்பாற்றப் போனவருக்கு, அந்த ஆள் என்ன ஆனார் என்றே தெரியாமல் போகும். நம் ஊர்களில் நேர் எதிர். வீட்டோடு வீடு ஒட்டிய கடற்கரைத் தெருவில் நீங்கள் கை கழுவி உட்காரும் முன்பே கோவிலில் துக்க மணி அடித்துவிடும். மறுநாள் அவர் மகளைத் தண்ணீர்க் குழாயடியில் பார்க்க வேண்டும். துக்க வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். முடிந்தால் போங்கள். "கடைசி நேரத்துல நீ இருந்தியே" என்றுதான் பெரும்பாலான வீட்டார் சொல்கிறார்கள். முடியாவிட்டால் ஒரு வாரம் கழித்துப் போங்கள், தவறில்லை. நீங்கள் அமுக்கும் காட்சியை யாராவது எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள்.

நான் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இது பழகிவிடும் என்கிறார்களே?

செய்முறை பழகும். எல்லாச் சாவும் பழகாது. சிறு பிள்ளை, தெரிந்த முகம், உங்கள் அப்பா வயது என்று ஏதோ ஒன்று உள்ளே தங்கிவிடும். பணி முடிந்ததும் கூட இருந்தவரோடு ஒரு சாயா குடித்துவிட்டு நடந்ததைப் பேசிப் பிரிவது நல்ல பழக்கம். யாரிடமும் பேசப் பிடிக்காமல், எதிலும் உணர்ச்சியே இல்லாமல் ஆவது பழகியதன் அடையாளம் அல்ல.

போலீஸ் கேஸ் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளலாம். சாலை விபத்தில் உதவுகிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. மற்ற இடங்களில், சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்த செயலைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு குற்றமாகப் பார்ப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 92-ஆம் பிரிவாக இருந்தது.

உதவிக்கு எங்கே போவது?

மனசு சரியில்லை என்றால் டெலிமானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயம், மனநலம் இரண்டையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, எக்கோ, ஐசிடி அட்டை எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன மறக்கிறது, எதற்குப் பயம் என்று வீட்டார் எழுதிய ஒரு தாளையும் அதே கவரில் வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லோருமே "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள்.